இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்

அப்பா இறந்த ஐந்தாம் நாள், மூன்றாமவளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அப்பா தினமும் காலையில் செய்த ஜெபத்தை எழுதித் தர வேண்டும். வார்த்தை மாறக் கூடாது. வரிசை மாறக் கூடாது.

சனிக்கிழமை சபையில் நினைவுக் கூட்டம். போதகர் கேட்டிருந்தார்.

"அவர் வீட்டு ஜெபத்தை எல்லாரும் ஒரு தடவை கேக்கட்டும். வீட்டுல யாராவது வாசிச்சாப் போதும்."

அண்ணன் கோடு போட்ட தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தான்.

"நீ எழுதிக் கொடு. நான் வாசிச்சிடறேன்."

"தினமும் கூட உக்காந்தது நீதானே?"

"நான் எங்க உக்காந்தேன்? கண்ணை மூடினதும் தூங்கிருவேன். ஆமென்னு கேட்டா முழிப்பேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

"குறட்டையை விட்டுட்டீங்களே" என்றாள் அண்ணி, அடுப்படியிலிருந்து. "ஆண்டவருக்கே அது பழகிப்போச்சு."

"சரி" என்றாள் மூன்றாமவள்.

இந்த ஐந்து நாளில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். நாற்காலி எத்தனை வேண்டும் என்றார்கள். சொன்னாள். கல்லறைக்கு எத்தனை வண்டி என்றார்கள். அதையும் சொன்னாள். இறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை நிரப்பினாள். அக்கா பெட்டியின் மேல் விழுந்து கதறியபோது பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கியவள் அவள்தான். அழவில்லை. அழுகை வராததைப் பற்றி யோசிக்கவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் அது தன் உதடு என்று தெரியாது. அதுபோல இருந்தது. கடித்துக் கடித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"கல்லு மாதிரி இருக்கா, பாரு" என்று அத்தை அடுத்த அறையில் அம்மாவிடம் ரகசியம் சொன்னாள். அத்தைக்குக் காது மந்தம். அவள் சொல்லும் ரகசியம் தெருமுனை வரை போகும்.

"மெதுவாப் பேசு, கேக்கப்போகுது" என்றாள் அம்மா.

"என்னது?"

"கேக்கப்போகுதுன்னேன்!"

மூன்றாமவளுக்கு இரண்டும் கேட்டது. அத்தையின் காதைப் பரிசோதித்து மெஷின் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அத்தை அதைக் கைப்பையில் வைத்திருந்தாள், தேய்ந்துவிடாமல்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம். ஊரில் நான்கு மாடிக்கு மேல் உள்ள கட்டடங்களில் பாதி அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். உள்ளங்கை ரேகைகளில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் போகவில்லை. பெட்டியில் படுத்திருந்தபோதும் இருந்தது. அவள் பார்த்தாள்.

வேலைக்குக் கிளம்புமுன் காலை ஐந்தரைக்கு வீட்டாரை எல்லாம் உட்கார வைத்து ஜெபிப்பார். பெயர் சொல்லி ஜெபிக்க மாட்டார்.

"பேர் மனுசனுக்கு. ஆண்டவருக்கு மாடி தெரிஞ்சாப் போதும்" என்பார்.

அவருடைய குடும்பம் ஒரு கட்டடம். அம்மா தரைத்தளம். "எல்லாரும் அங்க ஏறித்தானே மேல போகணும்?" என்று அப்பா விளக்கம் சொல்வார். "அதான் ஆளாளுக்கு என் தலைல மிதிச்சுட்டுப் போறீங்க" என்பாள் அம்மா. அக்கா முதல் மாடி. அண்ணன் இரண்டாம் மாடி. இவள் மூன்றாம் மாடி. அக்காவின் பையன்கள் நாலும் ஐந்தும். அண்ணனுக்குத் தவமிருந்து பிறந்த பெண் ஆறாம் மாடியாகியிருக்க வேண்டும். ஆனால் பிறக்கும்போது தலையில் ஒரு முடிகூட இல்லை. அப்பா தொட்டிலைக் குனிந்து பார்த்தார். "சரிதான். இது மொட்டை மாடி" என்றார். இப்போது அவளுக்கு ஏழு வயது, இடுப்பு வரை சடை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

மருமக்கள் எல்லோரும் மொத்தமாகப் படிக்கட்டு.

"பன்னெண்டு வருஷமா நான் படிக்கட்டு" என்று அண்ணி சொல்லிக்காட்டுவாள். "தனி மாடி கிடையாது. சேர்த்துவெச்சு ஒரே அமுக்கு."

"லிஃப்ட் நின்னா யாரும்மா காப்பாத்துறது? படிக்கட்டுதானே?" என்பார் அப்பா. அண்ணி அதற்கு மேல் பேச மாட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஜெபிக்கும்போது வலது கைக் கட்டைவிரல் விரல் கணுக்களில் ஏறும். சுண்டுவிரலின் அடிக்கணு தரைத்தளம். அதற்கு மேல் ஒன்று, இரண்டு. மோதிர விரலின் அடிக்கணு மூன்று. ஒவ்வொரு கணுவிலும் ஒரு அமுக்கு, ஒரு வேண்டுதல். பட்டன் அமுக்கிய கை.

வீட்டில் அண்ணன் அவளை "மூணு" என்றுதான் கூப்பிடுவான். அக்காவும் அப்படித்தான். அதெல்லாம் பதினோரு வருடத்துக்கு முன்பு.

அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவில் இருந்தது, வலிக்கவில்லை. அதுதான் புதிது.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். மூன்று வருடமாக அப்பா ஒரே வேண்டுதலை மூன்றாம் மாடியில் வைத்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, மூணாம் மாடிக்கு ஒரு தொட்டிலைத் தாரும்." நல்ல சத்தமாக. யார் இருந்தாலும். அன்றைக்குச் சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் முறையும் தங்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் சத்தமாகக் கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். ஒரு அம்மாள் "உச்" கொட்டினாள்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என் மாடியில நிக்காதீங்கப்பா" என்றாள். "இனிமே நிக்காதீங்க. என்னை விட்டுருங்க."

அப்பாவும் கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

பிறகு கண்ணை மூடி நாலாம் மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை அவள் ஜெபத்துக்கு உட்காரவில்லை. அடுப்படியில் டம்ளர் கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே அப்பாவின் குரல் வந்தது. "ரெண்டாம் மாடி." அவள் டம்ளரை அலசினாள். "நாலாம் மாடி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவர் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஜெபம் முடிந்த பிறகே வந்தாள். தங்க நேர்ந்தால் அந்த நேரத்தில் குளிப்பாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. "மூணு" என்று கூப்பிடுவதும் நின்றது. சண்டை என்று சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் போன் பேசுவார்கள்.

"உன் பில்டிங் லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"சத்தம் ஏதும் வருதா?"

"வரல."

"வந்தாச் சொல்லு."

"சரிப்பா."

பதினோரு வருடம் இதுதான் பேச்சு.

இப்போது தாளில் மூன்று வரி எழுதிவிட்டாள். தரைத்தளம். முதல் மாடி. இரண்டாம் மாடி. பேனா நின்றது.

மூன்றாம் மாடி என்று எழுதினால் அது பொய். அப்பா சொல்லாததை அப்பா சொன்னதாகச் சபையில் வாசிப்பது. நாலாம் மாடி என்று எழுதினால் சபை மொத்தமும் எண்ணும். எண்ணத் தெரியாதவர்கள் யார்? ஒன்று, இரண்டு, நாலு. அது பரவாயில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. அப்பா வாயிலிருந்து எடுத்தார். அது அவள் சொல்லி எடுத்தது. உள்ளே இருந்தும் எடுத்துவிட்டாரா? சொல்லாமல் விட்டு விட்டு, கடைசியில் அந்த மாடியே மறந்து போய்விட்டதா?

அண்ணனைக் கேட்கலாம். அவன் தூங்கியவன். அண்ணியைக் கேட்கலாம். அம்மாவைக் கேட்கலாம். என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். "சேச்சே, உன்னை மறப்பாரா?" என்பார்கள். யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். அதைச் சொல்வதற்குத்தான் சொந்தபந்தம்.

அவள் வேலை காது பரிசோதனை. மருத்துவமனையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. நோயாளி உள்ளே ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பார். இவள் வெளியே மெஷினில். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் தூக்குங்க." முதல் வேலையாகக் கூட வந்தவர்களை வெளியே அனுப்புவாள். அவர்கள் இருந்தால் "அதெல்லாம் அவருக்கு நல்லாக் கேக்கும்" என்பார்கள். நோயாளியும் அவர்கள் முகத்தைப் பார்த்து விரலைத் தூக்குவார். சிலர் சத்தமே கொடுக்காதபோதும் தூக்குவார்கள். பொய் இல்லை. கேட்க வேண்டும் என்ற ஆசை. அதனால் ஒரு தடவை தூக்கினால் கணக்கில் எடுக்க மாட்டாள். மூன்று தடவை கொடுத்து, இரண்டு தடவையாவது தூக்க வேண்டும். அப்போதுதான் தாளில் குறிப்பாள்.

பதினோரு மணிக்கு கிரீஸ் வந்தார். அப்பாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். உண்மைப் பெயர் என்னவென்று அவர் மனைவிக்கே சந்தேகம். சட்டை வெள்ளையாக இருந்தது. இஸ்திரி மடிப்பு கத்தி போல நின்றது. துக்க வீட்டில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கதை சொல்லட்டுங்களா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அண்ணன் அடிக்கடி சொல்லச் சொல்லும்." அப்பாவை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார்.

"சொல்லுங்க" என்றாள் அம்மா. பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"ஒரு ஆபீஸ் பில்டிங். ஒரு அம்மா மாட்டிக்கிச்சு. பெரிய அதிகாரி. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கதவைத் திறக்க முடியல, ஒரு பார்ட் வேணும். நான் பஸ் ஏறிக் கடைக்குப் போயிட்டேன். அண்ணன் கதவுக்கு வெளிய நிக்குது. பயப்படக் கூடாதேன்னு அதுபாட்டுக்குப் பேசிட்டே இருக்கு. காத்து வரும்மா, ஒண்ணும் ஆகாதும்மா, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா, நான் ஜெபம் பண்ணட்டுமாம்மான்னு..."

"செய்வார்" என்றாள் அம்மா. "அவரை அடக்க முடியுமா?"

"அந்த அம்மாவுக்கு வந்துச்சே கோபம். யோவ், வாயை மூடுய்யா, உன் பேச்சைக் கேட்டாலே மூச்சு முட்டுதுன்னு ஒரு சத்தம். அண்ணன் கப்புனு அடங்கிருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் பார்ட்டோட ஓடி வர்றேன். அண்ணன் கதவுல கையை வெச்சுட்டு சிலை மாதிரி நிக்குது. என்னண்ணேன்னேன். உஸ்ஸுன்னு விரலைக் காட்டுது. அப்ப உள்ளேருந்து ஒரு குரல், ரொம்பச் சின்னதா. யோவ்... போயிட்டியா?"

கிரீஸ் நிறுத்தினார். எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"இல்லம்மா, நீங்கதான் பேசாதேன்னீங்க. அப்படிங்குது அண்ணன்!"

அண்ணன் வெடித்துச் சிரித்தான். அண்ணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அக்கா சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"என்ன? என்ன சொன்னான்?" என்றாள் அத்தை.

"லிஃப்ட்ல ஒரு பொம்பளை!" என்று அண்ணன் கத்தினான்.

"யாரு?"

அத்தைக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்கள், கத்திக் கத்தி. இரண்டாம் முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "பாவம், கால் வலிச்சிருக்கும்" என்றாள் அத்தை.

மூன்றாமவள் சிரிக்க வேண்டிய இடத்தில் உதட்டை இழுத்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

கட்டில். மேசை. ஒரு நாற்காலி. ஜன்னலடியில் வேலைக்குப் போட்ட பூட்ஸ், பத்து வருடமாகப் போடாதது, பாலிஷ் மட்டும் போட்டது. டார்ச். வேதாகமம். அதில் அடையாளத்துக்கு அவர் வைத்திருந்தது லிஃப்ட் கதவில் தொங்கவிடும் அட்டை. "பழுது பார்க்கப்படுகிறது." யாராவது கேட்டால் "நான்தான்" என்பார், நெஞ்சைத் தொட்டு.

அட்டை இருந்த பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பாரோ என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவர் எழுதுகிற ஆள் இல்லை. மூடினாள்.

மொட்டை மாடி உள்ளே வந்தாள். நேரே போய் அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"அத்தை, நீங்க என்ன எழுதுறீங்க?"

"தாத்தா ஜெபம்."

"அது எனக்கு முழுசாத் தெரியுமே."

மூன்றாமவள் அவளைப் பார்த்தாள். ஏழு வயது. அந்தக் காலையில் இவள் பிறந்திருக்கவே இல்லை. யாரும் இவளிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல என்ன இருக்கிறது?

போய்க் கதவைச் சாத்தினாள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பும் பழக்கம். அப்போதுதான் கட்டிலில் அம்மா படுத்திருப்பதைக் கவனித்தாள். சிரித்த களைப்பில், இவள் வேதாகமம் புரட்டிய நேரத்தில் உள்ளே வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் போலிருந்தது.

"எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுறியா?" என்றாள் மூன்றாமவள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி. "தாத்தா எப்படிச் செய்வாரோ அப்படியே. நீயா எதுவும் சேர்க்கக் கூடாது. நீயா எதுவும் விடக் கூடாது."

கேள்வியில் பதில் இருக்கக் கூடாது. இல்லை. இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இல்லை.

மொட்டை மாடி முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமினாள். அது அப்பாவின் செருமல். இரண்டு சின்னது, ஒரு பெரியது. கண்ணை மூடினாள். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் போய் நின்றது.

"ஆண்டவரே. தரைத்தளம். முட்டி வலியைப் பாரும். கோபத்தையும் பாரும்."

விரல் ஏறியது.

"முதல் மாடி. அவ வீட்டுச் சமாதானத்தைப் பாரும். ரெண்டாம் மாடி. தூங்கினாலும் நீர் முழிச்சிரும்."

விரல் மோதிர விரலின் அடிக்கணுவுக்குப் போனது. அமுக்கியது.

ஒன்றும் இல்லை.

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மொட்டை மாடியின் முகம் அசையவில்லை. அமுக்கிய நகம் வெளுத்திருந்தது.

பிறகு விரல் ஏறியது.

"நாலாம் மாடி. பரீட்சையைப் பாரும். அஞ்சாம் மாடி. வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லும். மொட்டை மாடி. மழையில நனையாமப் பாரும். படிக்கட்டு எல்லாத்தையும் உறுதியா வையும். ஆமென்."

கண்ணைத் திறந்தாள். "எப்படி?"

"நல்லா இருக்கு" என்றாள் மூன்றாமவள். மறந்து போயிருக்கலாம். குழந்தைதானே. நடுவில் மறந்து, யோசித்து, பிறகு நினைவு வந்திருக்கலாம். ஒரு தடவை கணக்கில்லை.

"இன்னொரு தடவை."

"முழுசாவா?"

"முழுசா."

செருமல். சின்னது, சின்னது, பெரியது. முட்டி வலி. கோபம். சமாதானம். தூங்கினாலும் முழிச்சிரும். கட்டைவிரல் மோதிர விரலின் அடியில் போய் அமுக்கியது. நின்றது. இந்த முறை மூன்றாமவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று பதினெட்டு வரை எண்ணினாள். நாலாம் மாடி வந்தது.

மூன்றாம் முறை கேட்டபோது மொட்டை மாடிக்கு அலுப்பு வந்துவிட்டது.

"இதுதான் கடைசி. அப்புறம் நீங்க போன் தரணும்."

"தர்றேன்."

அலுப்பில் முதல் மாடியை விரட்டினாள். இரண்டாம் மாடியை விழுங்கினாள். சமாதானம் பாதியில் நின்றது. ஆனால் மோதிர விரலின் அடிக்கு வந்ததும் கட்டைவிரல் அமுக்கி நின்றது. அவசரப்படவில்லை. அங்கே மட்டும் அவசரப்படவில்லை.

மூன்றாமவளின் வலது கை மடியில் கிடந்தது. ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"ஆமென். போன்."

போனை எடுத்துக் கொடுத்தாள்.

"அங்க ஏன் நிறுத்துற?"

"எங்க?"

"ரெண்டாம் மாடிக்கு அப்புறம்."

"நிறுத்தல. அது மூணாம் மாடி" என்றாள் மொட்டை மாடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க லிஃப்ட் நிக்கும். கதவு தொறக்காது. தாத்தா அப்படித்தான் சொன்னாங்க."

"ஏன் தொறக்காதாம்?"

"அது நான் கேக்கல."

கட்டிலில் அம்மா திரும்பினாள். தூங்கியிருக்கவில்லை.

"பத்தாது" என்றாள். "அவர் இன்னும் நேரம் நிப்பார். இடிச்சாத்தான் நகருவார்."

"யாரு இடிக்கிறது?"

"நான்தான். வேற யாரு? விலாவுல ஒரு இடி. மேல போங்க, காப்பி ஆறுதுன்னு. பதினோரு வருஷமா நான் ஆறின காப்பிதான் குடிக்கிறேன்." அம்மா எழுந்து உட்கார்ந்து கொண்டையைப் போட்டாள். "கடைசி வாரத்துல இடிக்கல. விலா எலும்பு தெரிஞ்சுது. இடிக்காம விட்டேன். கால் மணி நேரம் நின்னார். அப்படியே தூங்கிட்டார்."

மேசையில் தாள் இருந்தது. மூன்று வரி.

"நீங்க ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கல" என்றாள் அம்மா. "நிக்காதீங்கன்னு சொன்னவ நீ. நிக்கிறார்னு உன்கிட்ட வந்து கோள் மூட்டச் சொல்றியா?"

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி சொடக்குப் போட்டது. கதவைத் திறந்து வெளியே போனாள். "யாராவது காப்பி போட்டீங்களா, இல்ல நானே போடணுமா?" என்று கேட்டது. "என்ன?" என்றாள் அத்தை.

மூன்றாமவள் மொட்டை மாடியைப் போனோடு கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்து மேசைமுன் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தாள். நடக்கவில்லை. உதட்டைக் கடித்தாள். ஏதோ கொஞ்சம் தெரிந்தது போலிருந்தது. ஒரு தடவைதான். கணக்கில்லை.

வேண்டுதல்களை மொட்டை மாடி சொன்னபடியே எழுதினாள். இரண்டாம் மாடிக்குப் பிறகு ஒரு வரியைக் காலியாக விட்டாள். அடுத்த வரியில் நாலாம் மாடி என்று தொடங்கினாள். ஆமென் வரை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். கையெழுத்து கோணாமல் இருந்தது.

அண்ணன் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கிரீஸ் போய்விட்டிருந்தார். அண்ணன் தூசி படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினான். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். முட்டி வலிக்குச் சிரித்தான். தூங்கினாலும் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. இன்னொரு முறை அதையே படித்தான்.

"இதைச் சொல்லுவாரா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீ எங்க முழிச்சிருந்த?"

அவன் மூக்கை உறிஞ்சினான். கீழே படித்தான்.

"இங்க ஒரு வரி விட்டுப்போச்சு பாரு. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல."

"விட்டுப்போகல. அங்க நிறுத்தணும்."

"நிறுத்தி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நிக்கணும்."

அண்ணன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கட்டைவிரலால் அந்தக் காலி வரியைத் தடவினான்.

"எவ்ளோ நேரம் நிக்கணும், மூணு?"

"அம்மா இடிக்கிற வரைக்கும்."